நாலு விரல் கீழே

பயந்தாங்கொள்ளி என்று அவளை யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை, பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். அதற்குப் பதில் வீட்டில் எல்லோரும் திடீரென்று அவளிடம் அன்பாக நடந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குளியலறையில் ஒரு கரப்பான்பூச்சி தலைகாட்டினால் போதும், புருஷன் செருப்போடு ஓடி வந்து, "நீ தள்ளிக்கோம்மா, நான் பாத்துக்கறேன்" என்பான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கரப்பான்பூச்சி அடித்தவள் அவள்தான். கட்டில் மேல் ஏறி நின்று, "போச்சா, போச்சா?" என்று கேட்டவன்தான் அவன். பின்கதவில் ஏதாவது சத்தம் கேட்டால் மாமியார் எப்போதும் கம்பை அவள் கையில்தான் கொடுப்பாள். இப்போது கம்பை எடுத்துக்கொண்டு தானே போனாள், அந்த முட்டிவலியோடு.

அவளை வீட்டில் ஏணி என்று கூப்பிடுவார்கள். ஆறடிக்கு ஒரு அங்குலம்தான் குறைவு, அதில் பெரும்பங்கு கால். பெயர் வைத்தவள் அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. அவளோ நாற்காலி போட்டால்தான் மேல் அலமாரி எட்டும் ஆள். வாசல் அறையில் தையல் கடை வைத்திருந்ததால் அவள் பெயர் ஊசி. ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று ஊர் எதிர்பார்க்கும். இவர்களும் அடித்துக்கொள்வார்கள்தான், ஆனால் வெளியாள் யாராவது நடுவில் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவரை அடிப்பார்கள்.

ஏணி தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி அறையில் வேலை பார்த்தாள். யாரோ எங்கிருந்தோ அலறுவார்கள். "வண்டி கிளம்பிடுச்சு, வெளிய வந்து நில்லுங்க" என்று இவள் சொல்வாள். வண்டி கிளம்பும், ஆட்கள் ஏறுவார்கள், இவள் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருஷக்கணக்காக அந்த ஜன்னல்தான். வண்டியில் ஏறவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஓட்டம், தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போவது, ஏணி ஏறுவது (இதற்கு வீட்டில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!), கடைசியாகத் தரையில் கிடக்கும், இரண்டு முனையிலும் வட்ட இரும்புப் பிளேட்டு மாட்டிய நூறு கிலோ ராடைக் குனிந்து தூக்கி நிமிர்ந்து நிற்பது. முதுகு வளையக்கூடாது, வளைந்தால் அதிகாரி "இறக்கு!" என்று கத்துவார். ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான், அதற்குமேல் கிடையாது.

மற்றதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ராடுதான் இரண்டு தடவையும் காலை வாரிவிட்டது. கொடுமை என்னவென்றால், தெருக்கோடி ஜிம்மில் அதே நூறு கிலோவை அவள் பேச்சு வாக்கில் தூக்குவாள். தேர்வில் குனிந்தால் மட்டும் முதுகு வில்லாக வளைந்தது. "இறக்கு! இறக்கும்மா!" என்ற சத்தம் இரண்டு தடவையும் காதில் விழுந்தது. இரண்டாவது தடவை அதிகாரி அவளைத் தனியே கூப்பிட்டு, நல்ல மனசோடுதான் சொன்னார்.

"உனக்குப் பலம் இருக்கும்மா. தைரியம்தான் இல்ல. பயம் வந்தா உடம்பு ஒத்துழைக்காது."

அந்த வார்த்தை அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அவளே அதை நம்பவும் ஆரம்பித்தாள். "குனிஞ்சப்போ தரை எங்கயோ அதலபாதாளத்துல இருந்த மாதிரி இருந்துச்சுங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அது பயமில்லாமல் வேறென்ன? ஜிம் மாஸ்டரும் அதையேதான் சொன்னார். "இன்னும் பத்து கிலோ ஏத்தித் தூக்கு, பயம் தானா ஓடிடும்." அவள் ஏற்றினாள், ஜிம்மில் தூக்கவும் தூக்கினாள். உள்ளே ஏதோ ஒன்று உடைந்துபோயிருந்தது, அதை மட்டும் தூக்கி நிறுத்த முடியவில்லை.

ஊசி ஒருத்திதான் பயம் என்ற பேச்சையே காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிலையத்தில் கொடுக்கும் பேண்ட் எதுவும் அந்தக் காலுக்கு எட்டாது என்று, முதல் தேர்வுக்கு முன்பே துணி வாங்கி வெட்டித் தைத்து, கீழ்மடிப்பு மட்டும் பாக்கி வைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"போடுக்கா. மடிப்புக்கு ஊசி குத்தணும்."

"அதக் கிழிச்சுத் தரை தொடைக்க வச்சுக்கோடி."

"ஆமா, இவ்ளோ நல்ல துணியத் தரைக்குப் போடுவாங்க. போடுங்கறேன்ல."

ஏணி போட்டுக்கொண்டு நின்றாள். ஊசி கீழே உட்கார்ந்து பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, பழக்கதோஷத்தில் டேப்பை வைத்து அளந்தாள். அளந்தவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க்கா, இதென்ன உன் கால்ல ரெண்டு கோடு?"

"ராடு உரசுனதுதான். தூக்குறவங்க எல்லாருக்கும் இருக்கும்."

"அது தெரியும். மேல ஒண்ணு பழசு, தழும்பாவே போயிடுச்சு. அது ஜிம்முல ஆனது. கீழ ஒண்ணு புதுசு, இப்பத்தான் பொருக்கு விட்டிருக்கு. இது எங்க ஆனது?"

ஏணி குனிந்து பார்த்தாள். பார்த்தது பார்த்தபடி யோசித்தாள். "போன தேர்வுல."

"மொதத் தேர்வுல?"

"அப்பவும் அங்கதான் தோலு போச்சு. நான் அதையெல்லாம் கவனிக்கல."

ஊசி இரண்டு கோட்டுக்கும் நடுவில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். சரியாக நாலு விரல். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"பயம் வந்தா ராடு நாலு விரல் கீழ எறங்குமாக்கா?"

மறுநாள் ஊசி சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கிற சாக்கில் நிலையத்துக்குப் போனாள். கொட்டகையில் தேர்வுக்கான ராடும் பிளேட்டுகளும் ஓரமாகக் கிடந்தன. தெருக்கோடி ஜிம்மில் பெரிய பிளேட்டுகள், கார் சக்கரம் போல அகலமானவை. இங்கே பழைய காலத்து இரும்பு, குட்டையானவை, அதனால் பக்கத்துக்கு ஒரு வரிசையே மாட்டியிருந்தார்கள். எடை என்னவோ அதே நூறுதான். ஆனால் பிளேட்டு குட்டையானால் அதன் நடுவில் மாட்டிய ராடு தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தலையை நிமிர்த்தி நேரே பார்த்துத் தூக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்திருந்ததால் ஏணியும் குனிந்து பிளேட்டைப் பார்த்ததே இல்லை. குட்டையான ஆட்களுக்கு இந்த நாலு விரல் ஒரு பொருட்டே அல்ல. நெடுநெடுவென்று கால் இருக்கிறவளுக்கு அது பெரிய பள்ளம்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். "பயம் இல்லடா சாமி! பிளேட்டுடா!" என்று ஊசி கத்தினாள். ஏணி சமையலறையில் திரும்பி நின்றுகொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், கொஞ்சம் கோபத்திலும்தான். இத்தனை மாசமாகத் தன்னையே சந்தேகப்பட்டது அவளுக்கு அவ்வளவு வலித்தது.

புருஷன் உடனே, "மனு போடுவோம். பெரிய பிளேட்டு வாங்கிப் போடச் சொல்லுவோம். நம்ம மேல என்ன தப்பு?" என்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, எரியற வீட்டுல மயங்கிக் கெடக்கறவங்க தரையிலதான் கெடப்பாங்க. அவங்கள நாலு விரல் மேல வந்து படுக்கச் சொல்லி மனு போட முடியுமா? அந்தக் கீழ கெடக்கற ராடையே தூக்கறேன். ஒரு கை பாத்துடுவோம்."

ஒரு கை பார்க்கிற முதல் நாளே கூத்தாகிவிட்டது. "நாலு விரல் வித்தியாசம், பலகை போட்டுத்தான் சரிக்கட்டணும்" என்று ஊசி சொன்னதைப் புருஷன் கேட்டுக்கொண்டான். பழைய அலமாரிப் பலகையை அறுத்து, இரண்டு துண்டாக்கி, ஜிம்முக்குத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்துக்கு ஒன்றாகப் பிளேட்டுக்கு அடியில் வைத்தான். ஏணி தூக்கினாள். நூறு, பூ மாதிரி வந்தது. நூற்றுப்பத்தும் வந்தது. நூற்றிருபது போட்டார்கள், அதுவும் வந்துவிட்டது! மாஸ்டர் கைதட்டினார். தினமும் அங்கே வரும் பஸ் டிரைவர் விசிலே அடித்தார். புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை, ஜிம்மில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொல்லிவிட்டான்.

கடையைப் பூட்டிவிட்டு ஊசி வந்து சேர்ந்தபோது டீயும் வந்து சேர்ந்தது. அவள் ராடைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், ஏணியின் புருஷனைப் பார்த்தாள்.

"இந்தப் பலகைய எந்தப் புத்திசாலி வச்சது?"

"நான்தான்" என்றான் அவன், பெருமையாக.

"மாமா, ராடு கீழ இருக்குங்கறதுதானே நம்ம கஷ்டமே. நீங்க அத இன்னும் மேல ஏத்தி வச்சிருக்கீங்க. இப்படியே இன்னும் ரெண்டு பலகை வச்சா அக்கா குனியாமலே பாஸ் பண்ணிடுவா."

பஸ் டிரைவர் ஆரம்பித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏணியும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

பலகையை எடுத்து அவள் காலுக்கு அடியில் போட்டார்கள். இப்போது அவள் மேலே, ராடு கீழே. நிலையத்தில் இருக்கிற அதே பள்ளம். அவள் குனிந்து பிடித்தாள், இழுத்தாள். நூறு அசையக்கூட இல்லை. எண்பது போட்டதும் முதுகு வளைந்தது. கடைசியில் அறுபதில்தான் முதுகு நேராக நின்றது. நூற்றிருபதுக்குக் கைதட்டியவர்கள் முன்னால் அறுபது! அவமானம் பிடுங்கித் தின்றது.

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் குட்டையான மனிதர், கை மட்டும் நீளம். குனியாமலே ராடு அவர் கைக்கு எட்டும். தன் உடம்புக்கு வந்ததையே இத்தனை வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அறுபது கிலோவா? என் ஜிம்முல யாரும் கீழ எறங்கினதில்ல" என்றார்.

"மாஸ்டர், நான் எல்லாருக்கும் என் அளவுல ஜாக்கெட் தச்சுக் குடுத்தா விடுவாங்களா?" என்று ஊசி கேட்டாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் பார்த்தால் மனிதர் தானே பலகை மேல் ஏறி நின்று, கீழே கிடக்கிற ராடைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடேங்கப்பா, பின்தொடை பிச்சுக்குது! இங்கதாம்மா உனக்குப் பலம் இல்ல. முதுகு தானா வளையல, தொடை கைவிட்டதும் அது மாட்டிக்குது" என்றார். அதற்கப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

அவர் எல்லாவற்றையும் மாற்றினார். புருஷன் தப்பாக வைத்த பலகையைக்கூட வீணாக்கவில்லை. ஒருநாள் பலகை பிளேட்டுக்கு அடியில். அன்றைக்கு எடை கூடுதல், முதுகுக்கு வேலை. இன்னொரு நாள் பலகை காலுக்கு அடியில். அன்றைக்கு எடை குறைவு, பின்தொடைக்கு வேலை. காலைக் கொஞ்சம் அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். இடுப்பு தானாகவே ராடுக்குப் பக்கத்தில் வந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, நின்றபடியே ராடைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளித் தள்ளி, ஆமை வேகத்தில் இறக்குவது. பின்தொடை முறுக்கிய கயிறாகிவிடும். அவள் அவசரப்பட்டு ராடைத் தொப்பென்று போட்டால், "பாத்திரம் விழுந்த சத்தம் கேக்குது, சத்தமில்லாம எறக்கு" என்பார் மாஸ்டர்.

அந்த வாரங்களில் அவளுக்கு உட்காருவதே பெரிய வேலை. தொலைபேசி அறையில் நாற்காலியில் சரியும்போது, "ஐயோ அம்மா" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் குப்பைமேடு எரிகிறது என்று சொல்லக் கூப்பிட்ட ஆள் பதறிப்போய், "என்னம்மா, அங்கயும் பத்திக்கிச்சா?" என்று கேட்டார். படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினாள். பஸ் டிரைவர், "ரிவர்ஸ்ல வர்றாங்க, வழிவிடுங்க" என்று தினமும் கேலி செய்தார். அறுபது எழுபதாயிற்று. எழுபதில் கொஞ்ச நாள் சண்டி மாடு மாதிரி நின்றது. ஒருநாள் அவள் பலகையை எட்டி உதைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் அவளே போய்ப் பலகையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். எண்பது வந்தது. பல்லைக் கடித்தால் தொண்ணூறு. தேர்வுக்கு முந்தின வாரம், பலகை மேல் நின்று நூறை ஒரே ஒரு தடவை தூக்கினாள், அதுவும் முக்கி முனகித்தான். "இன்னொரு தடவை தூக்கட்டுமா?" என்று கேட்டாள். "வேணாம், அத அங்க போய்த் தூக்கு" என்றார் மாஸ்டர்.

தேர்வு நாள் காலை. நிலையத்து முற்றத்தில் வண்டிகளை வெளியே நிறுத்தி இடம் விட்டிருந்தார்கள். சுவரோரம் ஊசி, கழுத்தில் டேப்போடு. பக்கத்தில் லீவு போட்டுவிட்டு வந்த புருஷன், நகத்தைக் கடித்தபடி. மாஸ்டர் கூட ஜிம்மைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அதே குட்டைப் பிளேட்டுகள், அதே வரிசை.

அவளுக்கு முன்னால் ஒருவன் போனான். நல்ல நெட்டை, தோள் வாட்டசாட்டம். குனிந்தான், முதுகு வளைந்தது. "இறக்கு!" என்று அதிகாரி கத்தினார். ராடு டமாரென்று விழுந்தது. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனபோது, அவன் காலைப் பார்த்தாள். கீழே, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. இவனும் வீட்டுக்குப் போய்ப் பயந்தாங்கொள்ளி ஆகப்போகிறான்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வாய்ப்பு, அவ்வளவுதான், இதற்கப்புறம் அந்த ஜன்னல்தான் கதி. பயமாக இருந்ததா என்றால், இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. ஆனால் பயம் வேறு, ராடு வேறு என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

காலை அகட்டி வைத்தாள். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்தாள். கை போயிற்று, போயிற்று, இன்னும் போயிற்று. அதே அதலபாதாளம்தான். ஆனால் இந்தத் தடவை அது அவளுக்குப் பழகின இடம், எத்தனை சாயங்காலம் அங்கே போய் வந்திருக்கிறாள்! பிடித்தாள். மூச்சை வயிற்றில் நிறுத்தினாள். தரையைக் காலால் மிதித்துத் தள்ளினாள்.

ராடு அசையவில்லை. சுவரோரம் புருஷன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் விடவில்லை, முதுகை நேராக வைத்துக்கொண்டு இன்னும் மிதித்தாள். பின்தொடை இரண்டும் விறைத்தன. பிளேட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. காலின் பழைய கோட்டைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, ராடு ஏறியது. அவள் நிமிர்ந்தாள். முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றாள்.

"யக்கா!" என்று ஊசி கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அதிகாரி வாயைப் பிளந்து நின்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "சரிம்மா, பாஸ். இறக்கு" என்றார்.

"இருங்க சார்."

"இறக்கும்மா, போதும்!"

"ரெண்டு தடவை நீங்க சொன்னதும் எறக்கிட்டேன் சார். இந்தத் தடவை கொஞ்சம் நிக்கறேன்."

நின்றாள். முற்றம் முழுவதும் பார்த்தது. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் முட்ட, நூறு கிலோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆசை தீர நின்றாள். பிறகு இடுப்பைப் பின்னால் தள்ளி, ஆமை வேகத்தில், ராடைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல இறக்கி வைத்தாள். ஒரு சத்தம் இல்லை. மாஸ்டர் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார்.

"எப்படிம்மா பயம் போச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

"பயம் போகல சார், இங்கதான் இருக்கு. அன்னைக்கும் இதே பயம்தான். ராடுதான் எனக்கு நாலு விரல் கீழ இருந்துச்சு, இப்ப அங்க எறங்கிப் பழகிட்டேன்."

ஊசி அதற்குள் டேப்போடு ஓடி வந்துவிட்டாள். பிளேட்டை அளந்து காட்டினாள், ஏணியின் காலில் இருந்த இரண்டு கோட்டையும் காட்டினாள். அதிகாரி உட்கார்ந்து, தானே விரலை வைத்துப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா, நெட்டையா வர்றவங்க எல்லாம் பயந்த சுபாவம்னு நெனச்சிட்டிருந்தேனே" என்றார். குரல் இறங்கிவிட்டது. பிறகு வாசல் பக்கம் திரும்பி, போய்க்கொண்டிருந்த நெட்டையனைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஏணி அவனிடம், "தம்பி, உங்க வீட்டுல உபயோகமில்லாத பலகை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

அன்று சாயங்காலம் கூடத்தில் அந்தப் பலகை மேலேயே ஏணியை நிறுத்தி, ஊசி பேண்ட்டின் கீழ்மடிப்புக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வண்டியில் ஏறவேண்டும். புருஷன் நடந்ததையெல்லாம் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் ராடு பத்து கிலோ ஏறியது.

அப்போது பின்கதவுப் பக்கம் ஏதோ தடாலென்று விழுந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். புருஷன் எழுந்து, "நீ இரும்மா, நான்..." என்று ஆரம்பித்தான். மாமியார் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையிலிருந்து கம்பை எடுத்து வந்து, ஏணியின் கையில் கொடுத்தாள்.

"என்னன்னு போய்ப் பாரு" என்றாள்.

ஏணி பலகையிலிருந்து இறங்கிப் போனாள், ஒரு கால் பேண்ட்டில் மட்டும் குண்டூசியோடு. "அசையாத, குத்திடும்!" என்று ஊசி பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினாள்.